பங்கீட்டுப் பண்பு: அம்புக்குறி போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

கேள்வி இது. நடுநிலை வகுப்பில் இயற்கணிதம் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்குப் பங்கீட்டுப் பண்பை, அதாவது 3(5 + 4) = 3 × 5 + 3 × 4 என்பதை, சொல்லிக் கொடுத்தாயிற்று. அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் எண்ணிலிருந்து உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்டுக் காட்டியாயிற்று. அன்றைக்கு எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள். ஒரு வாரம் கழித்து 3(ப + 4) என்று கொடுத்தால் பலர் 3ப + 4 என்று எழுதி வைக்கிறார்கள். இதை எப்படிச் சரிசெய்வது? (மாறிக்கு இங்கே ப, ம என்றே எழுதுகிறேன். வகுப்பில் நீங்கள் வழக்கமாகப் போடும் எழுத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

அம்புக்குறியின் மீது எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அது சீக்கிரம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். தவறு செய்யும் பிள்ளையைக் கூப்பிட்டு, "3(ப + 4) என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "அடைப்பை நீக்கணும்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அது என்ன என்று கேட்டால், அதை என்ன செய்ய வேண்டும் என்று பதில் வருகிறது. அந்தக் கோவைக்கு ஒரு பொருள் உண்டு என்பதே பிள்ளையின் மனதில் இல்லை. பொருள் தெரியாதவருக்கு இரண்டாவது அம்புக்குறி மறந்துபோனால் விடை தப்பு என்று உறுத்தவே உறுத்தாது. 3 பக்கத்தில் ப இருக்கிறது, ஒட்டிக்கொண்டது. 4 தள்ளி இருக்கிறது, அப்படியே விட்டாயிற்று. இடமிருந்து வலமாகப் படிக்கிறவருக்கு இது நியாயமாகவே தோன்றும்.

ஆகவே முதல் வேலை, 3(ப + 4) என்பது (ப + 4) மூன்று முறை என்பதை நிலைநிறுத்துவது. பலகையில் முழுதாக எழுதுங்கள்: (ப + 4) + (ப + 4) + (ப + 4). பிறகு ப-க்களை ஒரு பக்கம், 4-களை ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லுங்கள். 3ப வருகிறது, மூன்று 4-கள் வருகின்றன. எதையும் எங்கேயும் "அனுப்ப" வேண்டியிருக்கவில்லை, இருப்பதை எண்ணினோம். பொருளாகக் காட்ட வேண்டுமென்றால் மூன்று பெட்டிகளைச் சொல்லலாம். ஒவ்வொரு பெட்டியிலும் கட்டிய பை ஒன்றில் ப கோலிகள், பைக்கு வெளியே 4 கோலிகள். மொத்தம் எத்தனை கோலி? 3ப + 4 என்று சொல்பவர் இரண்டு பெட்டிகளில் வெளியே கிடக்கும் கோலிகளை எண்ணாமல் விட்டுவிட்டார். "எந்தெந்தப் பெட்டியில் விட்டாய்?" என்று கேட்டால் போதும், தானே திருத்திக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பென்சிலுக்கு ப, மரத்துக்கு ம என்று பொருளின் முதலெழுத்தை மாறியாக வைக்காதீர்கள். அப்படி வைத்தால் ப என்பது பென்சில்களின் எண்ணிக்கை என்பது போய், பென்சில் என்ற சொல்லின் சுருக்கம் ஆகிவிடும். அந்தக் குழப்பம் சமன்பாடுகள் வரை கூடவே வரும். உள்ளே எத்தனை இருக்கிறது என்று தெரியாத பை என்பதே மாறிக்குப் பொருத்தம்.

இன்னும் சொல்லப்போனால், மாறியிலிருந்தே தொடங்கியிருக்கக் கூடாது. இந்தப் பண்பு பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. 7 × 14 எவ்வளவு, மனக்கணக்காகச் சொல் என்று கேளுங்கள். "ஏழு பத்து எழுபது, ஏழு நாலு இருபத்தெட்டு, தொண்ணூற்றெட்டு" என்று ஒருவராவது சொல்வார். அவர் சொன்னதை அவர் கண்முன்னே அப்படியே எழுதுங்கள்:

7 × 14 = 7(10 + 4) = 7 × 10 + 7 × 4 = 70 + 28 = 98

அடுத்து, "ஒருவர் 70 + 4 = 74 என்று விடை சொன்னால்?" என்று கேளுங்கள். வகுப்பு சிரிக்கும். 7 × 14 எப்படி 74 ஆகும், 7 × 11-ஏ 77 ஆயிற்றே என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சிரிப்பை விட்டுவிடாமல் பக்கத்திலேயே 3(ப + 4) = 3ப + 4 என்று எழுதுங்கள். இரண்டும் ஒரே தவறு. எண்ணில் உடனே கண்ணில் படுகிறது, எழுத்தில் ஒளிந்துகொள்கிறது. இந்த இரண்டு வரிகளும் அடுத்தடுத்து நிற்பது, நாம் நீளமாகப் பேசுவதைவிட அதிகம் கற்றுக் கொடுக்கும்.

மனக்கணக்கில் ஒரு முழு வகுப்பு நேரத்தையே செலவழிக்கலாம், வீண் போகாது. 6 × 98-ஐ 600 − 12 = 588 என்று செய்யும்போது கழித்தலிலும் இது செல்லும் என்பது தெரிந்துவிடுகிறது. எப்படி உடைப்பது என்பதை அவர்களிடமே விடுங்கள். பாஸ்கராச்சாரியார் 1150 வாக்கில் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் பெருக்கலுக்குக் கொடுக்கும் எடுத்துக்காட்டு 135 × 12. அதை அவர் பல வழிகளில் செய்து காட்டுகிறார். 12-ஐ 8 + 4 ஆகப் பிரித்தால் 1080 + 540. 10-ஆல் பெருக்கி இரண்டு மடங்கைச் சேர்த்தால் 1350 + 270. 12-உடன் 8-ஐக் கூட்டி 20-ஆல் பெருக்கி, மிகையானதைக் கழித்தால் 2700 − 1080. எல்லாம் 1620-தான். இதே கணக்கை வகுப்பில் கொடுத்து, எத்தனை வழிகள் கிடைக்கின்றன என்று பார்ப்பது நல்ல விளையாட்டு. பண்பின் பெயரை முதல் நாளே பலகையில் எழுத வேண்டிய அவசியமும் இல்லை. இந்தப் பெயரை பிரெஞ்சுக் கணிதர் செர்வுவா கொண்டுவந்ததே 1814-இல்தான். அதற்கு முன்பும் உலகம் பெருக்கிக்கொண்டுதான் இருந்தது.

சரி, எண்களில் ஒரு சிக்கல் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும்: "அடைப்புக்குறிக்குள் இருப்பதைத்தானே முதலில் செய்யணும்? எதை முதலில் செய்வது என்று சொல்லும் போட்மாஸ் விதியில் அப்படித்தானே சொன்னீங்க? 3(5 + 4) என்றால் 3 × 9 என்று போட்டு முடிக்காமல் எதற்கு இந்தச் சுற்று?" இந்தக் கேள்வியை மழுப்பிவிட்டுப் போகக் கூடாது. என் பார்வையில் இந்தப் பாடத்தின் நடு முடிச்சே இதுதான். அடைப்பை முதலில் செய் என்று வருடக்கணக்காகப் பழக்கிவிட்டு, இப்போது செய்ய முடியாத அடைப்பு ஒன்றைக் கொடுக்கிறோம். ப + 4-ஐக் கூட்டி ஒரே எண்ணாக்க வழியில்லை. ஆனால் முதலில் உள்ளே செய்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் பிள்ளை அதை 4ப ஆக்கிவிடுகிறது, பிறகு 12ப என்று விடை வருகிறது. 12ப என்று எழுதியவருக்கும் 3ப + 4 என்று எழுதியவருக்கும் வெவ்வேறு நோய். ஒரே மருந்து கொடுத்தால் கேட்காது. முதலாமவருக்கு, விடையில் கூட்டல் குறி மிச்சம் இருக்கலாம், 3ப + 12 என்பதே முழுமையான விடை என்று தைரியம் சொல்ல வேண்டும். அடைப்பை முதலில் செய் என்பது மதிப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி. பங்கீட்டுப் பண்பு, அதே மதிப்புக்குப் போகும் இன்னொரு வழி. 3 × 9 = 27, 15 + 12 = 27. முதல் வழி அடைபட்டிருக்கும்போது இரண்டாவது வழி கைகொடுக்கிறது. இயற்கணிதத்துக்கு இந்தப் பண்பு ஏன் தேவை என்பதற்கு இதைவிட நேரான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது செவ்வகம். அகலம் 3, நீளம் ப + 4. நீளத்தில் ப முடியும் இடத்தில் ஒரு கோடு போட்டு வெட்டினால் இரண்டு செவ்வகங்கள். பரப்பளவு 3ப, 12. கிரேக்கக் கணிதர் யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் தொகுத்த வடிவியல் நூலின் இரண்டாம் பகுதி இதே கருத்தோடுதான் தொடங்குகிறது: இரண்டு கோடுகளில் ஒன்றை எத்தனை துண்டாக வெட்டினாலும், முழுச் செவ்வகம் துண்டுச் செவ்வகங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். படம் வரையும்போது ப-இன் நீளத்தை ஒரு நாள் 4-ஐவிடப் பெரிதாகவும் மறுநாள் சிறிதாகவும் வரையுங்கள். இல்லாவிட்டால் அளவுகோலை வைத்து ப = 7 செ.மீ. என்று கண்டுபிடித்து எழுதும் பிள்ளைகள் உண்டு.

செவ்வகத்தின் நிஜமான பலன் பின்னால் வருகிறது. 23 × 45-ஐ நான்கு கட்டமாகப் பிரித்து 800, 100, 120, 15 என்று நிரப்பி 1035 கண்டவருக்கு, (ப + 2)(ப + 3) புதுப் பாடமே இல்லை. அதே நான்கு கட்டம்: ப², 3ப, 2ப, 6. ப-க்கு 10 போட்டால் 12 × 13 = 156; கட்டங்களைக் கூட்டினாலும் 100 + 30 + 20 + 6. முதல் உறுப்பு, வெளி உறுப்பு, உள் உறுப்பு, கடைசி உறுப்பு என்று நான்கையும் மனப்பாடம் செய்யவைக்கும் சூத்திரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். (ப + 2)(ப + ம + 3) வந்ததும் அது கைவிட்டுவிடும். கட்டத்திலோ ஒரு நெடுவரிசை கூடும், அவ்வளவுதான். கட்டமும் வேண்டாம் என்றால், (ப + 3)-ஐ விரலால் மூடி ஒரே பொருளாக நினைக்கச் சொல்லுங்கள். ப முறை அது, இன்னும் 2 முறை அது. பழைய பண்பையே இரண்டு முறை செய்கிறோம்.

செவ்வகம் நொண்டும் இடம் குறை எண்கள். 5(ப − 2)-ஐ ஒரு பட்டையை வெட்டி எடுத்ததாகக் காட்டலாம். −2(ப − 3)-க்கு அகலம் மைனஸ் 2 என்று படம் போட்டால் பிள்ளைகள் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்ப்பதும் சரிதான். இங்கே படத்தை விட்டுவிட்டு எண்ணுக்குத் திரும்புங்கள். தவறுகள் அதிகம் குவிவது அடைப்புக்கு முன்னால் மைனஸ் நிற்கும்போதுதான். 20 − (8 − 3) என்ற ஒரே கணக்கை நிதானமாகப் பேசினால் பாதி பிரச்சினை தீரும். உள்ளே 5, ஆக விடை 15. அடைப்பை அழித்துவிட்டு 20 − 8 − 3 என்று எழுதினால் 9 வருகிறது. ஏன் இடிக்கிறது? எடுக்க வேண்டியது 5 மட்டும். நாம் 8-ஐ எடுத்துவிட்டோம், அதாவது 3 அதிகமாக எடுத்தாயிற்று. அதிகமாக எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்: 20 − 8 + 3 = 15. "மைனஸ் வந்தால் உள்ளே குறி மாறும்" என்ற விதி இப்படி வந்து சேர்ந்தால் நிற்கும். இதற்குப் பிறகு 20 − (ப − 3) = 20 − ப + 3 என்று போங்கள். முன்னால் நிற்கும் வெறும் மைனஸை −1 ஆல் பெருக்குவதாகப் பார்க்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால், −2(ப − 3) = −2ப + 6 அதன் தொடர்ச்சியாகிவிடும்.

ஆர்வமுள்ள வகுப்பாக இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். மைனஸும் மைனஸும் பெருக்கினால் ஏன் பிளஸ் என்ற நிரந்தரக் கேள்விக்குப் பதில் இந்தப் பண்பிலேயே இருக்கிறது. −2 × (3 + (−3)) என்பது −2 × 0, அதாவது 0. பங்கிட்டு எழுதினால் −6 + (−2)(−3). இதுவும் 0 ஆக வேண்டும் என்றால் (−2)(−3)-க்கு 6-ஐத் தவிர வேறு வழியில்லை. குறி விதி வானத்திலிருந்து விழுந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது நல்ல அதிர்ச்சி.

இனி, பாடப்புத்தகங்களில் போதுமான இடம் கிடைக்காத ஒன்று: இந்தப் பண்பு எங்கே செல்லாது என்பது. அம்புக்குறியோடு மட்டும் பழகியவர்கள் "வெளியே இருப்பது உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும் போகும்" என்றுதான் மனதில் பதித்துக்கொள்கிறார்கள். பிறகு 2(3 × 5)-இலும் இரண்டு அம்பு விடுகிறார்கள்; 6 × 10 = 60. சரியான விடை 30. (ப + 3)² என்றால் ப² + 9 என்று எழுதுகிறார்கள். வர்க்கமூலம் வந்ததும் 9 + 16-இன் மூலத்தை 3 + 4 = 7 என்கிறார்கள்; 25-இன் மூலம் 5 ஆயிற்றே என்று தோன்றுவதில்லை. வகுத்தலில் (12 + 6) ÷ 3 = 4 + 2 செல்லும், 12 ÷ (2 + 4) = 6 + 3 செல்லாது; 2-க்கும் 9-க்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இந்தப் பொய்க் கூற்றுகளை உண்மைக் கூற்றுகளோடு கலந்து கொடுத்து, எது எப்போதும் உண்மை, எது சில நேரம் உண்மை, எது ஒருபோதும் உண்மையில்லை என்று பிரிக்கச் சொல்லுங்கள். நாற்பது அடைப்புகளை வரிசையாக நீக்கவைப்பதைவிட இந்த ஒரு பயிற்சி மேல். 3(ப + 4) = 3ப + 4 என்பது ஒருபோதும் உண்மையாகாது; 12 = 4 ஆகுமா என்ன? (ப + 3)² = ப² + 9 என்பது ப = 0 ஆக இருந்தால் மட்டும் உண்மை.

அந்தக் கடைசி எடுத்துக்காட்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. விடையைப் பிரதியிட்டுச் சரிபார் என்று நாம் சொல்வோம். பிள்ளைகள் சோம்பலுக்கு 0 அல்லது 1-ஐப் போடுவார்கள். 0 போட்டால் மேலே சொன்ன தவறு தப்பித்துவிடுகிறது. ப(ப + 5) = ப² + 5 என்று எழுதியவர் 1 போட்டுப் பார்த்தால் இரு பக்கமும் 6; "சரிதான்" என்று மூடிவைத்துவிடுவார். 2 போட்டால் 14-உம் 9-உம். ஆகவே சரிபார்க்க 0, 1 வேண்டாம், 7 அல்லது 10 போடு என்று விதியே வைத்துவிடலாம். 10 போட்டால் பெருக்கலும் சுலபம்.

எதிர்த் திசையையும் அதே வாரத்தில் கொண்டுவாருங்கள். பொதுவாக இருப்பதை வெளியே எடுத்து எழுதும் காரணிப்படுத்துதலைத் தனிப் பாடமாக வெகு நாள் கழித்து நடத்துவதால், 3(ப + 4)-இலிருந்து 3ப + 12-க்கு ஒருவழிப் பாதைதான் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். நடுவில் இருப்பது சமக்குறி. இரண்டு பக்கமும் போகலாம். இங்கேயும் எண்ணில் தொடங்கலாம்: 8 × 37 + 2 × 37. இரண்டையும் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டுபவர்கள் ஒரு பக்கம் வியர்த்துக்கொண்டிருக்க, எட்டும் இரண்டும் பத்து, 370 என்று ஒருவர் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். அவரைப் பேசவிடுங்கள். 37 இருந்த இடத்தில் ப-ஐ வைத்தால் 8ப + 2ப = 10ப. ஒத்த உறுப்புகளைக் கூட்டுவது என்று வேறொரு பாடத்தில் செய்ததும் இதே பண்புதான்; இதைச் சொன்னால் நிமிர்ந்து உட்காரும் முகங்களைப் பார்க்கலாம். அப்புறம் 6ப + 15 = 3(2ப + 5). கூடவே 6ப + 6-ஐக் கொடுக்க மறக்காதீர்கள். 6-ஐ வெளியே எடுத்த பிறகு "அங்கே ஒன்றும் மிச்சமில்லை" என்று 6(ப) என்றே எழுதிவிடுவார்கள். திரும்பப் பெருக்கிப் பார் என்றால் 6ப மட்டும்தான் வரும். காணாமல் போன 6-ஐத் தேடும்போது உள்ளே 1 இருந்தாக வேண்டும் என்பது பிடிபடும்: 6(ப + 1).

அம்புக்குறியை எப்போது விடலாம்? 3(ப + 4)-ஐக் கூட்டலாக விரித்தும், செவ்வகமாக வரைந்தும், ஓர் எண்ணைப் போட்டுச் சரிபார்த்தும் காட்டத் தெரிந்தவர் தாராளமாக அம்பு போடட்டும். அவருக்கு அது வெறும் சுருக்கெழுத்து. பின்தங்கிய பிள்ளைகளுக்கு "இவர்களுக்கு விதியே போதும்" என்று குறுக்கு வழி காட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். மறதிக்கு முதலில் பலியாவது அவர்கள் கையில் இருக்கும் பொருளற்ற விதிதான். விரித்து எழுதுவதையும் படத்தையும் அவர்களுக்கு இன்னும் இரண்டு நாள் நீட்டியுங்கள்.

எல்லாம் நன்றாக முடிந்த பிறகு ஒரு புதுப் பழக்கம் முளைக்கும், அதையும் கவனியுங்கள்: அடைப்பைக் கண்டதும் நீக்கிவிடுவது. 4(ப + 3) = 20 என்ற சமன்பாட்டைக் கொடுத்தால் 4ப + 12 = 20, 4ப = 8, ப = 2 என்று போகிறார்கள். தவறே இல்லை. ஆனால் நான்கு மடங்கு ஏதோ ஒன்று 20 என்றால் அந்த ஏதோ ஒன்று 5, ஆக ப = 2 என்று இரண்டே மூச்சில் முடிந்திருக்கும். 4(ப + 3) = 21 என்றால் 4-ஆல் வகுத்ததும் பின்னம் எட்டிப் பார்க்கும்; பின்னத்தைக் கண்டு மிரள்கிறவர் அங்கே விரித்துக்கொண்டு போகலாம். 4(ப + 3) + 5ப = 30-இலோ விரித்துத்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. இந்த மூன்றையும் ஒன்றாகக் கொடுத்து, தீர்க்கச் சொல்லாமல், எதில் அடைப்பை நீக்குவாய், எதில் விட்டுவைப்பாய், ஏன் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். யாருக்குப் பண்பு புரிந்திருக்கிறது, யார் இன்னும் அம்பை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது அந்தப் பதில்களிலேயே தெரிந்துவிடும்.